'சரிங்க' என்றால் சம்மதம் இல்லை: கம்பெனியில் மாற்றம் கொண்டுவரப் போகும் புதியவருக்கு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. லைனுக்கு ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, மணிக்கு எத்தனை பீஸ் வந்தது என்று எழுத வைக்க வேண்டும். அதுதான் எனக்குக் கொடுத்த முதல் வேலை. எல்லோரையும் கேன்டீனில் நிற்க வைத்து இருபது நிமிடம் பேசினேன். தரம், ஏற்றுமதி, போட்டி என்று ஒன்றையும் விடவில்லை. "புரிஞ்சுதுங்களா?" என்று முடித்தேன். எண்பது பேரும் "சரிங்க" என்றார்கள். மூன்றாவது வாரம் பலகையைப் பார்த்தால், காலை ஒன்பது மணியிலிருந்து 40, 40, 40, 40. கரன்ட் போன மணிக்கும் 40. கடைசி லைனில் மட்டும் வேறு கணக்கு எழுதியிருந்தது: டீ 14, வடை 9, பஜ்ஜி 5.

கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. இங்கே 'சரிங்க' என்றால் "நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு" என்று அர்த்தம். "பேசி முடிச்சாச்சுங்களா, மெஷினுக்குப் போகட்டுங்களா" என்றும் அர்த்தம். "உங்ககூட எதுக்கு வம்பு" என்றும் அர்த்தம். "ஒத்துக்கிறேன்" என்பதும் உண்டு, ஆனால் அது எப்போதாவது வருவது. வெளியூரில் படித்துவிட்டு வந்த எச்.ஆர். அதிகாரி, அப்பாவின் கம்பெனியைக் கையில் எடுக்கும் மகன் அல்லது மகள், புதிதாகப் பதவி உயர்ந்த புரொடக்‌ஷன் மேனேஜர் என்று முதல்முறை ஒரு மாற்றத்தைக் கொண்டுவரப் போகும் எல்லோரும் மாட்டிக்கொள்வது இந்தச் 'சரிங்க'வில்தான். அதைத் தாண்டிப் போக நான் கற்றுக்கொண்ட வழியை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரு மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். எழுபது எண்பது பேர் வேலை செய்யும் தையல் பிரிவு. இப்போது பீஸ்களைப் பண்டில் பண்டிலாகக் கட்டி ஒவ்வொரு டெய்லராக நகர்த்துகிறார்கள். இனி பண்டில் கிடையாது, ஒவ்வொரு பீஸும் தைத்தவுடனே அடுத்த மெஷினுக்குப் போக வேண்டும். கோவையில் பம்ப் அசெம்பிளி வைத்திருப்பவரோ, கரூரில் ஜவுளி செய்பவரோ, நாமக்கல்லில் லாரி பாடி கட்டுபவரோ தங்கள் வேலைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம். ஆளின் மனசு எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

முதலில் ஒரு நோட்டில் இரண்டு பக்கம்

கூட்டம் போடுவதற்கு முன்னால் முதலாளியோடு உட்கார்ந்து ஒரு நோட்டில் இரண்டு பக்கம் எழுதுங்கள். இடது பக்கம் முடிவாகிவிட்டவை. வலது பக்கம் ஆட்கள் முடிவு செய்ய வேண்டியவை.

நம் உதாரணத்தில் இடது பக்கம் மூன்றே வரி: பண்டில் முறை போகிறது, யாரையும் வேலையை விட்டு அனுப்பப் போவதில்லை, பழகும் காலத்தில் யாருக்கும் வாரச் சம்பளம் குறையாது. வலது பக்கம் நிறைய இருக்கும். எந்த லைனில் முதலில் ஆரம்பிப்பது, யார் பக்கத்தில் யார் உட்காருவது, கைமடி ஆட்கள் (டெய்லருக்குப் பக்கத்தில் நின்று உதவுபவர்கள்) எங்கே நிற்பது, ஒரு மெஷின் நின்றால் மற்றவர்கள் என்ன செய்வது, பழகுவதற்கு எத்தனை வாரம் வேண்டும்.

வலது பக்கம் காலியாக இருந்தால் கூட்டமே போடாதீர்கள். எல்லாவற்றையும் தீர்மானித்து வைத்துக்கொண்டு "உங்க கருத்தைச் சொல்லுங்க" என்று கேட்பதைவிட நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவது மரியாதை. ஒருமுறை அப்படிக் கேட்டு ஏமாற்றினால் அடுத்த மூன்று வருடத்துக்கு உங்களுக்குச் 'சரிங்க' மட்டும்தான் கிடைக்கும்.

சட்டத்தையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். ஷிப்ட் நேரம், சம்பளக் கணக்கு, ஆள் குறையக்கூடிய முறைமாற்றம் இவற்றில் கை வைத்தால் 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். பழைய தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவில் இருந்தது, 2020-இன் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. கம்பெனிக்கு ஆலோசனை சொல்லும் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. சங்கம் இருந்தால் அவர்களிடம் முதலில் நீங்களே போய்ச் சொல்லுங்கள். வேறு யார் வாயிலிருந்தாவது அவர்களுக்குத் தெரியவந்தால் பாதி வேலை அங்கேயே கெட்டது.

யாருக்கு என்ன போகிறது

அடுத்த ஒரு வாரம் எந்த அறிவிப்பும் வேண்டாம். காலையில் மெஷின் ஓட ஆரம்பிக்கும் முன்பும், டீ நேரத்திலும் போய்ப் பேசுங்கள். உங்கள் கேபினுக்குக் கூப்பிடாதீர்கள். கேபினுக்கு வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து சரிங்க, சரிங்க என்று சொல்லிவிட்டுப் போவார். டீக்கடை பெஞ்சில் அவரே வாயைத் திறப்பார்.

கண்டுபிடிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அந்த லைனில் யார் பேச்சு எடுபடும் என்பது. அது சூப்பர்வைசராக இருக்கும் என்று நினைக்காதீர்கள். "மெஷின் மக்கர் பண்ணினா மெக்கானிக் வர்றதுக்குள்ள யாரைக் கூப்பிடுவீங்க?", "லீவு கேக்கறதுக்கு முன்னாடி யாருகிட்டச் சொல்லுவீங்க?" என்று இரண்டு கேள்வி போதும். நாலைந்து பேர் ஒரே பெயரைச் சொல்வார்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அந்தப் பெயர் செக்கிங் மேஜையில் இருந்த ஓர் அக்காவுடையது. மாதச் சீட்டு பிடிப்பவர் அவர். அவருக்குத் தெரியாமல் அந்தக் கம்பெனியில் ஒரு சீப்பு வாழைப்பழம்கூட வாங்க முடியாது.

இரண்டாவது, இந்த மாற்றத்தால் ஒவ்வொருவருக்கும் எது கைவிட்டுப் போகிறது. புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். "மாற்றத்தை எதிர்க்கிறார்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் நம் வேலை சுலபம். ஆனால் யாரும் மாற்றத்தைச் சும்மா எதிர்ப்பதில்லை. பட்டன் செல்போனிலிருந்து டச் போனுக்கு மாற யாருக்கும் டிரெய்னிங் கொடுக்கவில்லை, மாறிவிட்டார்கள். கையில் இருப்பது போய்விடும் என்று பட்டால்தான் காலை ஊன்றிக்கொள்கிறார்கள்.

பண்டில் போனால் என்ன போகும்? வேகமாகத் தைக்கும் ஓவர்லாக் டெய்லர் ஒருவர் என்னிடம் கேட்டது அப்படியே நினைவிருக்கிறது: "பண்டில் இருந்தா எம்பட கணக்கு எம்பட கையில இருக்குதுங்க. இனிமே பக்கத்து ஆளு மெதுவாத் தெச்சா நானும் சும்மா உக்காந்திருக்கோணுங்களா?" அவருக்குப் போவது பீஸ் ரேட் வருமானம், அதாவது தைத்த பீஸ் கணக்குக்குக் கிடைக்கும் கூலி. அவருக்கு எதிரே பிளாட்லாக் மெஷினில் தைத்த அம்மாவுக்குப் போவது இடைவெளி. ஒரு பண்டில் முன்னதாக முடித்துவிட்டு, பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போன் பேசுவார். லைன் முறையில் அந்த ஐந்து நிமிடம் கிடையாது. கைமடிப் பெண்ணுக்குப் பயம், பண்டில் கட்டும் வேலையே இல்லையென்றால் தன்னை எதற்கு வைத்திருப்பார்கள் என்று. சூப்பர்வைசருக்குப் போவது அதிகாரம். நல்ல பண்டிலை வேண்டியவருக்கும், மெல்லிசுத் துணிப் பண்டிலை வேண்டாதவருக்கும் கொடுக்கும் அதிகாரம். இதை அவர் சொல்லவே மாட்டார். "துணி வீணாப் போகும் சார்" என்றுதான் சொல்வார்.

இதையெல்லாம் பெயர் போடாமல் எழுதி வையுங்கள். தீர்க்கக்கூடியது எது, தீர்க்க முடியாதது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். தீர்க்க முடியாததை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஒரு சார்ட் பேப்பர், கொஞ்சம் வேஸ்ட் துணி

குர்ட் லெவின் என்ற உளவியலாளர், 1890-இல் பிறந்தவர், ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா போனவர், இந்தத் துறைக்கே வழி போட்டவர். அவர் சொன்னதில் நமக்கு மிகவும் பயன்படுவது ஒன்று: இப்போதைய நிலை என்பது இரண்டு பக்கத்திலிருந்தும் தள்ளும் விசைகளுக்கு நடுவில் நிற்பது. முன்னால் தள்ளுவதை அதிகமாக்கினால் எதிர்ப்பக்கமும் முறுக்கிக்கொள்ளும். தடுப்பதைக் குறைத்தால் தானே நகரும். மாடு வண்டியை இழுக்காவிட்டால் சாட்டையை எடுப்பதற்கு முன் சக்கரத்துக்கு அடியில் கல் இருக்கிறதா என்று பார்ப்போமே, அதேதான்.

இதை ஆட்களோடு செய்வது எளிது. சார்ட் பேப்பர் நடுவில் ஒரு கோடு. ஒரு பக்கம் 'இது வந்தால் நல்லது ஏன்', மறுபக்கம் 'இது ஏன் நடக்காது'. ஆட்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "காத்தாடி இல்லாத இடத்துல உக்கார வைப்பாங்க" என்று ஒருவர் சொன்னால் 'பணிச்சூழல் குறைபாடு' என்று திருத்தாதீர்கள். எழுதி முடித்ததும் ஆளுக்கு மூன்று துண்டு வேஸ்ட் துணி கொடுங்கள், கட்டிங்கில் வேண்டிய அளவு கிடக்கும். எது பெரிய தடையோ அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், தமிழ் தெரியாத ஒடிசாக்காரருக்கும், பீகார்க்காரருக்கும் ஒருமுறை வாசித்துச் சொன்னால் போதும், துணியை வைத்துவிடுவார்கள். அதிகத் துணி விழுந்த இரண்டு தடைகளை மட்டும் எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள். மீதி இருக்கட்டும்.

கூட்டத்தை நடத்தும் விதம்

எண்பது பேரை நிற்க வைத்துப் பேசுவதைக் கூட்டம் என்று நான் இப்போது சொல்வதில்லை. எட்டிலிருந்து பன்னிரண்டு பேர், அவ்வளவுதான். சம்பள நேரத்தில் மெஷினை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்கு வீட்டுக்குக் கிளம்பும் ஆளை நிறுத்தி வைத்துக் கருத்துக் கேட்டால் கருத்தா வரும்? நாற்பது நிமிடம் ஒரு லைன் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று முதலாளி கணக்குப் போடுவார். போன மாதம் ரீ-ஒர்க்குக்கு, அதாவது தப்பாகத் தைத்ததைத் திருத்துவதற்கு, எத்தனை மணி நேரம் போனது என்று பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

எல்லோரும் ஒரே உயரத்தில் வட்டமாக உட்கார வேண்டும். நீங்கள் நாற்காலியிலும் அவர்கள் தரையிலும் என்றால் அது கூட்டம் இல்லை, விசாரணை. முதலாளி முதல் ஐந்து நிமிடம் வந்து நோட்டின் இடது பக்கத்தைத் தன் வாயால் சொல்லட்டும், முக்கியமாகச் சம்பளம் குறையாது என்பதை. சொல்லிவிட்டு அவர் போய்விட வேண்டும். அவர் இருக்கும்வரை யாரும் பேச மாட்டார்கள். சூப்பர்வைசரையும் முதல் கூட்டத்தில் உட்கார வைக்க வேண்டாம், அவர்களுக்குத் தனியாகக் கூட்டம் வைத்துக்கொள்ளலாம். வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

கேள்வியைப் போட்டதும் அமைதி வரும். புதியவர்களுக்கு அந்த அமைதிதான் பெரிய சோதனை. ஒரு நிமிடம் ஒரு யுகமாகத் தெரியும், உடனே நாமே பேசி நிரப்பிவிடுவோம். நிரப்பாதீர்கள். "பக்கத்துல இருக்கறவங்ககூட ரெண்டு நிமிசம் பேசுங்க, அப்புறம் ரெண்டு பேருல ஒருத்தர் சொன்னாப் போதும்" என்று விட்டுவிடுங்கள். தனியாகச் சொல்லத் தயங்குகிறவர்கூட "நாங்க ரெண்டு பேரும் என்ன பேசிக்கிட்டோம்னா" என்று ஆரம்பித்துவிடுவார். வட்டத்தில் ஒருமுறை எல்லோர் வாயிலிருந்தும் ஏதாவது வந்த பிறகுதான் யாருக்கும் இரண்டாவது வாய்ப்பு. எங்கேயும் ஒரு அண்ணன் இருப்பார், மொத்தத்தையும் அவரே பேசுவார். "அண்ணா, உங்களுது வந்துருச்சுங்க, இவங்களைக் கேட்டுட்டு வர்றேன்" என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடைசிப் பத்து நிமிடம் முடிவுக்கு. அந்த முடிவு உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. யார், என்ன, எந்தத் தேதியிலிருந்து என்று அவர்களே சொல்ல வேண்டும். "ரெண்டாவது லைன்ல திங்கக்கிழமை ஆரம்பிக்கறோங்க, மூணு வாரம் பாக்கறோம், கைமடி ரெண்டு பேரும் மெஷின் பழகறாங்க" என்று ஒருவர் சொல்லி மற்றவர்கள் தலையாட்டினால் அதுதான் நமக்கு வேண்டிய 'சரிங்க'.

இப்படிச் செய்வதால் என்ன பெரிய வித்தியாசம் என்று முதலாளிகள் கேட்பார்கள். அவர்களிடம் சொல்ல இரண்டு கதை வைத்திருக்கிறேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் நல்ல இறைச்சிக்குத் தட்டுப்பாடு. ஈரல், இதயம், சிறுநீரகம் போன்றவற்றைச் சமைக்க வீட்டுப் பெண்களை எப்படிப் பழக்குவது என்று பார்க்கச் சொல்லி லெவினிடம் வேலை வந்தது. சில குழுக்களுக்கு நல்ல பேச்சாளரை வைத்துச் சொற்பொழிவு, சமையல் குறிப்பும் கையில் கொடுத்தார்கள். வேறு சில குழுக்களை, இதில் என்ன சங்கடம் என்று தங்களுக்குள் பேசி, கடைசியில் கை தூக்கி முடிவெடுக்க வைத்தார்கள். பிறகு போய்க் கேட்டபோது, சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேரும், பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம் பேரும் அதுவரை சமைக்காததைச் சமைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை குடல் கறிக்கு வரிசையில் நிற்கும் நம் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டேதான் எண்களை மனதில் வாங்குவார்கள்.

இரண்டாவது கதை நம் தொழிலே. வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் ஹார்வுட் என்ற பைஜாமா தைக்கும் கம்பெனி. பீஸ் ரேட், பெரும்பாலும் பெண்கள், ஸ்டைல் மாறும்போதெல்லாம் வேலை மாறும். நம் திருப்பூர் போலவேதான். வேலை மாற்றப்பட்டவர்கள் வேகத்தைத் திரும்பப் பிடிக்காமல் வேலையை விட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். லெஸ்டர் கோச், ஜான் பிரெஞ்ச் என்ற இருவர் அங்கே செய்த சோதனையை 1948-இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவைக் கூப்பிட்டு "இனி இப்படித்தான், ரேட் இதுதான்" என்று விளக்கிச் சொன்னார்கள். அந்தக் குழுவின் உற்பத்தி சரிந்தது, எழவே இல்லை, 40 நாளுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். வேறு இரண்டு குழுக்களில் எல்லோரையும் உட்கார வைத்து, புதிய வேலையை எப்படிச் செய்வது, ரேட் எப்படி வைப்பது என்று அவர்களையும் சேர்த்துத் திட்டமிட்டார்கள். அங்கேயும் முதலில் சரிந்தது. ஆனால் சீக்கிரமே ஏறி, பழைய அளவைவிடச் சுமார் 14 சதவீதம் மேலே போய் நின்றது. ஒருவரும் விட்டுப் போகவில்லை.

இவ்வளவு தூரம் அமெரிக்கா போக வேண்டியதில்லை என்று எனக்கே தோன்றும். நம் ஊர்களில் மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டுவதற்கு முன் ஊர்க்கூட்டம் போடுவார்களே, அங்கே தலைக்கட்டுக்கு எவ்வளவு வரி என்று மூன்று மணி நேரம் சண்டை போடுவார்கள். முடிவான பிறகு அந்த வரியைக் கேட்டு யாரும் வீட்டு வாசலுக்குப் போவது அபூர்வம். சண்டை போட்டவரே முதலில் கொண்டுவந்து கொடுப்பார்.

ஒரே ஒரு லைன், மூன்று வாரம்

எல்லா லைனையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முன்வந்த லைனில் ஆரம்பியுங்கள். முதல் வாரம் உற்பத்தி கட்டாயம் குறையும், இதை முதலாளியிடம் எழுத்தில் சொல்லி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் நான்காவது நாளே "பழையபடி பண்டிலைக் கட்டுங்கப்பா" என்று உத்தரவு வரும். தினமும் காலை மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஏழெட்டு நிமிடம்: நேற்று எங்கே நின்றது, இன்று யார் என்ன பார்ப்பது. அவ்வளவுதான், அறிவுரை வேண்டாம்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன் எதையும் தொடாதீர்கள்; ஷிப்மென்ட் நெருக்கும், போனஸ் பேச்சு நடக்கும், லீவுக்கு ஊருக்குப் போனவர்களில் கொஞ்சம் பேர் திரும்பி வேறு கம்பெனிக்குப் போவார்கள். பங்குனி, சித்திரையில் நோம்பி என்று உள்ளூர் ஆட்கள் இல்லை, ஹோலிக்கு வடமாநில ஆட்கள் இல்லை. பொங்கல் முடிந்து ஆட்கள் திரும்பியதும் தை கடைசியில் ஆரம்பித்தால் மாசியில் மூன்று வாரம் நிம்மதியாகக் கிடைக்கும் என்பது என் அனுபவம்.

சூப்பர்வைசரை உருவாக்குவது

மேலே சொன்னதெல்லாம் நீங்கள் இருக்கும்வரை நடக்கும். நீங்கள் அடுத்த யூனிட்டுக்குப் போன மறுநாள் லைனில் நிற்பது சூப்பர்வைசர்தான். அவர் யார்? நன்றாகத் தைத்த ஒரு டெய்லர். ஒரு சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது "திங்கக்கிழமையிலிருந்து நீ லைனைப் பாத்துக்க" என்று சொல்லப்பட்டவர். தையலைத் தவிர அவருக்குத் தெரிந்த மேற்பார்வை ஒன்றுதான்: தனக்கு முன்னால் இருந்தவர் போட்ட சத்தம்.

இவர்களைப் பஸ் ஏற்றி ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போய் பலூன் ஊதவைத்து, கண்ணைக் கட்டி நடக்கவைத்துத் தலைமைப் பண்பு சொல்லிக்கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சாப்பாடு நன்றாக இருக்கும், போட்டோ நன்றாக வரும். திங்கட்கிழமை அதே சத்தம்தான்.

அதற்குப் பதில் வாரம் ஒருநாள் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஆறு முதல் எட்டு சூப்பர்வைசர்கள் வட்டமாக உட்கார வேண்டும். வாரத்துக்கு ஒருவர் தன் லைனில் நடந்த ஒரு நிஜப் பிரச்சினையைச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு ஒரே கட்டுப்பாடு, முதல் இருபது நிமிடம் யோசனை சொல்லக்கூடாது, கேள்விதான் கேட்கலாம். ரெக் ரெவன்ஸ் என்ற ஆங்கிலேயர், இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்க மேலாளர்களை இப்படி ஒருவர் பிரச்சினையை மற்றவர் கேட்டுப் பழகவைத்தார். வெளியிலிருந்து வரும் நிபுணரைவிட ஒரே சேற்றில் நிற்பவர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்வது அதிகம் என்பது அவர் கண்டது.

ஒரு கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சூப்பர்வைசர் அண்ணன் ஆரம்பித்தார்: "எங்க லைன்ல ஒரு புள்ளை டெய்லி பத்து நிமிசம் லேட்டுங்க. சொல்லிச் சொல்லிப் பாத்தாச்சு." எல்லோருக்கும் யோசனை வாயில் துடித்தது. கேள்விதான் கேட்கலாம் என்றதும் ஒருவர் கேட்டார், "எந்த பஸ்ல வருதுங்க?" தெரியாது. "எந்த ஊருங்க?" ஊத்துக்குளிப் பக்கம் என்று நினைக்கிறேன் என்றார். "லேட்டுனு சொன்னீங்களே, ஏன்னு கேட்டீங்களா?" அண்ணன் கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கேக்கலீங்க. சொன்னேன்." அன்றைக்கு இதைவிட நான் ஒன்றும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

இரண்டு மூன்று மாதம் இப்படி ஓடிய பிறகு ஒரு படி மேலே போகலாம். ஒரு சூப்பர்வைசர் காலைக் கூட்டம் நடத்தும்போது இன்னொருவர் ஓரமாக நின்று பார்க்கட்டும். யார் பேசினார், யாரை நடுவில் வெட்டினார், எத்தனை பேர் வாயே திறக்கவில்லை என்று குறித்துக்கொண்டு, பிறகு தனியாக அவரிடம் சொல்ல வேண்டும். 1946-இல் கனெக்டிகட்டில் லெவின் குழு ஒரு பயிற்சி முகாம் நடத்தியது. பயிற்சிக்கு வந்தவர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி மாலையில் ஆய்வாளர்கள் தங்களுக்குள் பேசுவது வழக்கம். வந்தவர்களில் சிலர் தாங்களும் உட்காரலாமா என்று கேட்டார்கள். தங்களைப் பற்றித் தாங்களே கேட்டதும் பேச்சு சூடாகிவிட்டது. பகலில் நடந்த பாடத்தைவிட அந்த மாலைப் பேச்சில் கற்றது அதிகம் என்று தெரிந்து, அதிலிருந்துதான் குழுவாக உட்கார்ந்து தன்னைத் தானே பார்க்கும் பயிற்சி முறை ஒன்று வளர்ந்தது. ஆனால் எச்சரிக்கை: பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். "நீங்க சத்தம் போடறீங்க" என்றால் சண்டை வரும். "மூணு பேரு பேச ஆரம்பிச்சாங்க, மூணு தடவையும் நீங்கதான் முடிச்சீங்க" என்றால் யோசிப்பார்.

அப்பா விஷயம்

இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் கொங்கு நாட்டுக் கம்பெனிகளில் பாதிச் சிக்கல் இங்கேதான். கம்பெனியை உருவாக்கியவர் அப்பா. நாலு மெஷினில் ஆரம்பித்து நானூறு மெஷினுக்குக் கொண்டுவந்தவர். மகன் குழு, கூட்டம் என்று ஆரம்பித்திருப்பான். அப்பா காலை பத்து மணிக்கு லைனுக்குள் வருவார், சூப்பர்வைசரைத் தாண்டி நேராக டெய்லரிடம் போய் "என்னம்மா இது தையலா?" என்று ஒரு சத்தம் போடுவார். மூன்று வாரம் கட்டியது மூன்று நொடியில் போயிற்று.

அவரை ஒதுக்கப் பார்க்காதீர்கள், முடியவும் முடியாது, சரியும் இல்லை. ஆட்கள் அவரை நம்புவதுபோல் உங்களை நம்ப மாட்டார்கள். யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார், யார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பணம் கொடுத்தார் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் சம்பளம் குறையாது என்ற வாக்கை அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேளுங்கள்: "குறை இருந்தா சூப்பர்வைசர்கிட்டச் சொல்லுங்கப்பா, டெய்லர்கிட்ட வேண்டாம். நல்லா இருந்தா நேரா டெய்லர்கிட்டயே சொல்லுங்க." பெரும்பாலான அப்பாக்கள் ஒப்புக்கொள்வார்கள். மாதத்துக்கு இரண்டு தடவை மறந்துவிடுவார்கள். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கெட்டுப்போனால்

முதல் முயற்சி பாழாகிவிட்டால், ஆட்கள் சரியில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஹார்வுட் கதையில் ஒரு மீதி இருக்கிறது. உத்தரவு போட்டுச் சரிந்துபோன அந்தக் குழுவில் மிஞ்சியவர்களை இரண்டரை மாதம் கழித்து வேறொரு வேலைக்கு மாற்றும்போது, இந்தத் தடவை அவர்களையும் சேர்த்துத் திட்டமிட்டார்கள். அதே ஆட்கள்தான், சீக்கிரமே வேகம் பிடித்து முன்பைவிட மேலே போனார்கள்.

என் வெள்ளைப் பலகைக்கு வருகிறேன். 40, 40 என்று எழுதியிருந்ததைப் பார்த்து ஒரு வாரம் கோபமாகத் திரிந்தேன். அப்புறம் ஒருநாள் டீ நேரத்தில் கடைசி லைனுக்குப் போய், டீக்கணக்கு எழுதிய அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். "அக்கா, பலகையில உங்க கணக்கு மட்டுந்தான் நெசமா இருக்குது" என்றேன். சிரித்தார். பிறகு சொன்னார்:

"ஏனுங்க சார், பலகை எங்களுக்கா மாட்டினீங்க? ஆபீஸ் கண்ணாடியப் பாத்தாப்புல இருக்குது. எங்களுக்கு அதனோட முதுகுதானுங்க தெரியுது. கொறைச்சு எழுதுனா ஆபீஸ்ல இருந்து போன் வருது. நூல் வராம நாங்க சும்மா உக்காந்திருந்தா அதையெங்க எழுதறது? அதுக்கு எடமே விடலீங்களே."

அன்று மாலையே பலகைகளைத் திருப்பி மாட்டினோம். எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட வேண்டும், அதில் 'ஏன் நின்னுது' என்று தலைப்பு எழுத வேண்டும் என்று அந்த லைனே சொன்னது. குறைந்த எண்ணுக்காக ஆபீஸிலிருந்து போன் வராது என்று மேனேஜரிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலை அந்த அக்கா தன் கையாலேயே எழுதிய முதல் வரி:

'10–11: 23. வெள்ளை நூல் வரல. ரெண்டு தடவ கேட்டாச்சு.'